மேசையைத் திருப்பிப் போட்டார்கள்

அம்பு அந்தப் பக்கம் காட்டக்கூடாது. மழை விட்டுவிட்டது, பெண்கள் துடைப்பமும் சாக்கும் கொண்டுவந்து கூடைப்பந்து மைதானத்தின் சிமெண்டுத் தரையில் நிற்கிற தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், ஒலிபெருக்கியில் ஒருவர் சிறப்பு விருந்தினரின் பட்டங்களைச் சொல்லி முடித்துவிட்டு வேறு வேலை இல்லாமல் முதலிலிருந்து தொடங்குகிறார், நான் என் பெஞ்சில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எதிரே சைக்கிள் கொட்டகைக்குள் இருக்கும் ஸ்கோர் மேசையைப் பார்க்கிறேன். மேசை மேல் மரப்பலகை, பலகையில் திருகாணியில் சுற்றுகிற சிவப்பு அம்பு. அது ரோட்டுப் பக்கத்துக் கூடையைக் காட்டுகிறது. ரோட்டுப் பக்கத்துக் கூடை நாங்கள் போடவேண்டிய கூடை. அப்படியானால் பந்து எங்களுக்கு. அப்படி இருக்கமுடியாது. மழை கொட்டுவதற்குச் சற்று முன்னால் எங்கள் இசக்கியும் அவர்கள் பெண் ஒருத்தியும் ஒரே பந்தை ஆளுக்கு இரண்டு கையால் பிடித்துக்கொண்டு குழாயடிக் குடத்தைப் போல இழுத்தார்கள். நடுவர் தர்மராஜ் சார் விசில் ஊதி இரண்டு கட்டைவிரலையும் மேலே தூக்கினார். இரண்டு பேர் பிடித்த பந்து யாருக்கு என்று அம்புதான் சொல்லவேண்டும். ஒரு தடவை அவர்களுக்கு, அடுத்த தடவை நமக்கு, மாறி மாறி. கொடுத்து முடித்ததும் மேசைக்காரர்கள் அம்பைத் திருப்பிவைப்பார்கள். ஒவ்வொரு கால்பகுதி ஆட்டம் தொடங்கும்போதும் அதே கணக்குதான். கடைசிப் பகுதியை இசக்கிதான் பக்கக்கோட்டில் நின்று தொடங்கினாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சோம்பேறித்தனமாக ஒரு கையால் பாஸ் கொடுத்தாள், "இரண்டு கை எதுக்குடி இருக்கு, வளையல் போடவா?" என்று கத்தினேன். அப்படியானால் அதற்குப் பிறகு அம்பு கோயில் பக்கம் திரும்பியிருக்கவேண்டும். எதிரணிக் கோச் ஜெசிந்தாவின் பெண்கள் போடுகிற கூடைப் பக்கம். நடுவில் வேறு பிடிபந்து எதுவும் வந்ததா? ஷிபானாவும் அவர்கள் குட்டைப்பெண்ணும் உருண்டார்களே, அது? இல்லை, அது ஃபவுல், ஷிபானா கையைத் தூக்கி ஒத்துக்கொண்டாள். அதற்கு முன்னால்? இல்லை. இல்லவே இல்லை. கோப்பைக்கான இறுதி ஆட்டம், நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். ஆட்டத்தில் மிச்சமிருப்பது ஒரு பெருமூச்சு அளவு நேரம். பந்து அவர்களுக்குப் போனால் ஐந்து பேரும் கைமாற்றிக்கொண்டு நின்றாலே போதும், முடிந்தது. எங்களுக்கு வந்தால் ஒரு கூடை போடலாம்.

மேசையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா எனக்கு. மழைக்கு முன்னால் மேசை என் பெஞ்சுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியோரம் இருந்தது. மழை வந்ததும் நாலு பெண்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினார்கள். ஐந்தாவதாக ஒருத்தி அம்பு ஆடிவிடக்கூடாது என்று அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே கூட ஓடினாள். பார்த்தேன். நனைந்துகொண்டே பார்த்து, பரவாயில்லையே, பொறுப்பான பிள்ளைகள் என்றுகூட நினைத்தேன். கொட்டகைக்குள் போனதும் மைதானத்தைப் பார்த்து உட்காரவேண்டுமே, மேசையை அப்படியே சுற்றிப் போட்டார்கள். சுற்றினால் அம்பும் சுற்றும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கம் நின்றபோது வலது கையைக் கோயில் பக்கம் நீட்டியவள், அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றால் அதே கை ரோட்டைக் காட்டும். இதைச் சின்னப்பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். ஆனால் சொல்வதற்கு ஆள் வேண்டும், கேட்பதற்கும் ஆள் வேண்டும். அம்பைத் தொடாமல் பாதுகாத்தது எவ்வளவு அக்கறை. அக்கறையாகச் செய்கிற தப்பைப் போல எனக்கு எரிச்சல் ஊட்டுவது வேறொன்றும் இல்லை. என் உத்தியோகம் முழுவதும் இப்படி அக்கறையான ஆட்களுக்கு நடுவில்தான் போயிருக்கிறது. வெயிலில் கறுத்துப்போய்விடுவார்கள் என்ற அக்கறையில் பெண்களுக்கு மாலைப் பயிற்சி வேண்டாம் என்ற முதல்வர். தொடை தெரியும் என்ற அக்கறையில் கணுக்கால்வரை மூடின பாவாடையோடு ஆடச் சொன்ன பழைய செயலாளர். அந்தப் பாவாடையோடு ஆடி, தடுக்கி விழுந்து, பல் உடைந்து, அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு "மேடம், நான் இறங்கட்டுமா?" என்று கேட்ட என் முதல் டீம் லில்லிபுஷ்பம். அவளுக்குப் பிறகுதான் அரைக்கால் சட்டை கேட்டுச் சண்டை போட்டேன். சட்டை வந்தது. கூடவே மைதானத்தைச் சுற்றித் தகரத் தட்டியும் வந்தது, காற்று வராமல் பிள்ளைகள் வெந்தார்கள். அதுவும் அக்கறைதான்.

சொல்லவேண்டுமா? யாருக்கும் தெரியாது. மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, தர்மராஜ் சார் மழைக்கு ஒதுங்கி டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார், ஜெசிந்தா தன் பெண்களுக்குக் கால் சதைபிடிப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானாக எதையும் தொடவில்லை. மழை தொட்டது. உட்கார்ந்தால் போதும், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், இதைவிட எளிதான வேலை எனக்கு இந்தக் கல்லூரியில் கொடுக்கப்பட்டதே இல்லை. கொடுத்த வேலையெல்லாம் என்ன. பி.டி. மேடம் கொஞ்சம் கூட்டத்தை ஒழுங்குபடுத்துங்கள். பி.டி. மேடம் மைக் வேலை செய்கிறதா பாருங்கள். பட்டமளிப்பு விழாவில் பெண்களை உயரவாரியாக நிறுத்துங்கள், உங்களுக்குத்தான் அது வரும். பொருளாதாரத் துறை சங்கரவடிவு ஒருநாள் நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள், "ஏன் மேடம், பந்தக் கூடைக்குள்ள போடணும், அவ்வளவுதானே? அதுல தினமும் சொல்லிக்கொடுக்கறதுக்கு என்ன இருக்கு?" என்ன பதில் சொன்னேன்? சிரித்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். சொல்லியிருக்கலாம். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வது என்பதைத்தான் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் பந்தைத்தான் பார்க்கத் தெரியும். பந்து இல்லாதவள் எங்கே நிற்கிறாள், யாருக்கு வழி விடுகிறாள், யாரை மறைக்கிறாள், அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நானும் ஜெசிந்தாவும்தான். இத்தனை வருடம் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டதில் அவளைத் தவிர எனக்கு வேறு பேச்சுத்துணை இல்லாமல் போயிற்று. செல்போன் துடிக்கிறது. வீட்டுக்காரர். "மழையா அங்க?" என்கிறார். ஆமாம் என்கிறேன். "அப்ப மேட்ச் கிடையாதுல்ல, வந்துருவ. மாவு தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வா." மேட்ச் இருக்கிறது என்கிறேன். "இன்னும் முடியலியா அது?" என்கிறார். இன்னும் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் கேட்கிறார். ஒரு ஆட்டத்தைக்கூட வந்து பார்த்ததில்லை. ஒருநாள் வந்தார், சாவி வாங்க.

மே மாதம் எனக்கு ஓய்வு. அது பரவாயில்லை. முழங்கால் ஏற்கெனவே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது. ஆனால் புது செயலாளர் இருக்கிறாரே, பழைய செயலாளரின் மகன், நான் சேர்ந்த வருடம் மைதானத்தில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை, அவர் போன மாதம் கூப்பிட்டு உட்காரவைத்து மிகவும் மரியாதையாகச் சொன்னார். "மேடம், நீங்க எங்கப்பா காலத்து ஆளு. உங்களுக்குத் தெரியாததில்ல. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இத்தனை பிள்ளைகளுக்கு இலவசமா சீட்டும் ஹாஸ்டலும் கொடுக்கறோம். ஜெயிக்கிற டீம்னா சரி. இந்த வருஷம் கப்பு வந்தா தொடரலாம். இல்லன்னா அந்த இடத்துல பஸ் நிறுத்திக்கறோம்." பஸ். கூடை நிற்கிற இடத்தில் பஸ். நான் சண்டை போட்டிருக்கவேண்டும். சண்டை போடாமல் சரி என்றேன், கப்பு வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஏனென்றால் இசக்கியைப் போல ஒருத்தி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள், பாதம் முழுக்க வெடிப்பு. மகளைச் சேர்க்க வந்த அன்று என் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இசக்கிக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அவள் தங்கை பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் ஆடுகிறாள், அக்காவைவிட நல்ல கை, இந்தக் கல்லூரிக்குத்தான் வரப்போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கோட்டா இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கும் உப்பளம்தான். அந்தக் கையில் உப்பு வாருகிற பலகை. பாரேன், நான் ஏன் இப்படி அழுமூஞ்சியாக யோசிக்கிறேன். உப்பளத்துக்குப் போகாமல் படித்த பெண்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது. என் சிறந்த பெண் செண்பகக்குழலி, மாநில அணிவரை போனவள், படிப்பு முடியுமுன்னே கல்யாணம். ஜவுளிக்கடையில் பார்த்தேன், இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. "இப்பவும் ஆடுதேன் மேடம்," என்றாள். எங்கே என்றால், துவைக்கிற துணியை நடுவீட்டில் நின்றபடியே கிணற்றடி வாளிக்குள் போடுவாளாம், ஒன்றுகூடத் தவறாதாம், மாமியார் திட்டுவாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குக்கரை அணைக்க மறந்துவிட்டேன்.

ஜெசிந்தா பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தாண்டித் தாண்டி வருகிறாள். பாவாடை நுனியைத் தூக்கிப் பிடிப்பது போலத் தன் ட்ராக்பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ஏட்டி உலகு, காப்பி குடிக்கியா? சீனி போடல. உனக்கு சுகருன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ." எனக்கு சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை, உன் காப்பியைக் குடித்தால்தான் வரும் என்கிறேன். "மூஞ்சியப் பாரு, தோக்கப் போறவ மூஞ்சி மாதிரியே இருக்கு," என்று பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் ஊற்றுகிறாள். "பந்து உனக்குன்னு அம்பு காட்டுது, அப்புறம் என்னட்டி? நான்லா பயப்படணும்." பார்த்திருக்கிறாள். பார்த்தும் புரியவில்லை. இவளுக்கே புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும். காப்பி நன்றாக இருக்கிறது, அதுவும் எரிச்சலாக இருக்கிறது. மழைக்குப் பிந்தின வெளிச்சம் தரையில் படுகிறது, ஈரச் சிமெண்டில் இரண்டு கூடைகளும் தலைகீழாகத் தொங்குகின்றன, ஒரு பெண் துடைப்பத்தால் ஒரு கூடையை அழிக்கிறாள், அது சிதறி மறுபடி கூடுகிறது. இந்த நேரத்தை எனக்குப் பிடிக்கும், யாரும் ஆடாத நேரம். சொல்லாதே. காப்பியைக் குடி. இது உன் கடைசி ஆட்டம், ஜெசிந்தாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவள் அடுத்த வருடம் ஜெயிப்பாள். அவள் கல்லூரியில் கப்பு அலமாரியில் இடமில்லாமல் தரையில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கப்பு போனாலும் அவளுக்கு ஒன்றும் போவதில்லை. எனக்கு, இல்லை, எனக்கும் ஒன்றும் போவதில்லை, பேச்சியம்மாளுக்குத்தான் போகும். என் முகம் பார்த்திராத, அக்கா சொன்ன கதைகளில் மட்டும் என்னைத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு. அவளுக்காக நான் வாயை மூடலாம். ஆனால் வாயை மூடினால் இந்த வயிறு இருக்கிறதே. பிடிபந்து விசில் வந்ததும் கணக்குப் பார்க்கிற வயிறு. அது பொய்க்கணக்கைச் செரிக்காது. நல்லவளாக இருப்பதற்காக இல்லை. நான் நல்லவள் இல்லை. கணக்குத் தப்பாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான், கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் கை அரிக்கிறதே, அது மாதிரி. இதற்காக ஒரு பிள்ளையின் சீட்டைத் தூக்கிப் போடுவார்களா? யாராவது போடுவார்களா? நான் எழுந்துவிட்டேன். என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டேன்.

தர்மராஜ் சார் மீசையில் வடைத்துணுக்கு. "சார், அம்பு தப்பா இருக்கு," என்கிறேன். "மேசையைத் திருப்பிப் போட்டதுல மாறிப்போச்சு. பந்து அவங்களுக்கு." அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "மேடம், மேசையில அம்பு எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம்தான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." மேசைப் பெண்களுக்கு அழுகையே வந்துவிடும்போல. "நாங்க தொடவே இல்ல மேடம், சத்தியமா. இவ புடிச்சுக்கிட்டேதான் வந்தா." அந்தப் பொறுப்பான பிள்ளை தன் உள்ளங்கையை எனக்குக் காட்டுகிறது, சிவப்பு பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. தெரியும்மா, நீ தொடவில்லை, மேசையைத்தான் சுற்றினீர்கள் என்று நான் கையை நீட்டிச் சுற்றிக்காட்டுகிறேன், பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றுமோ, கிழவி மழை விட்ட சந்தோஷத்தில் ஆடுகிறாள் என்று தோன்றும். "மேடம், பெஞ்சுக்குப் போங்க. இன்னொரு தடவை வந்தீங்கன்னா டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்துருவேன்," என்கிறார் தர்மராஜ் சார். எனக்கு எதிராகத்தானே சார் நானே சொல்கிறேன் என்றால், "யாருக்கு எதிரா சொன்னாலும் ஃபவுல் ஃபவுல்தான்." சரி, ஜெசிந்தாவிடம் சொல்கிறேன், அவள் கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும். "ஜெசி, பந்து உன்னுது. கடைசிப் பகுதியை நாங்கதானே ஆரம்பிச்சோம், யோசிச்சுப் பாரு. போய்க் கேளு." அவள் பிளாஸ்க் மூடியைத் திருகுவதை நிறுத்துகிறாள். மேசையைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். பிறகு அந்தச் சிரிப்பு, தோளெல்லாம் குலுங்க. "ஏட்டி, என்னை என்ன கூமுட்டைன்னு நெனச்சியா? சாத்தான்குளத்துல பனியன் நம்பர் மாறிட்டுன்னு புரொடெஸ்ட் எழுதிக் கொடுத்து நான் ஜெயிச்ச மேட்ச்சைப் பிடுங்குனவ நீ. இப்ப நான் போயி அம்ப மாத்துங்கன்னு சொல்லணும், மாத்துனதும் நீ 'மேசை அம்ப மாத்திட்டாவ'ன்னு எழுதிக் கொடுப்ப, மறு ஆட்டம் கேப்ப. என் பிள்ளைகளுக்குக் கால்ல சதைபிடிப்பு, நாளைக்கு ஆடமாட்டாளுவன்னு உனக்குத் தெரியும்." இல்லடி. "இல்லடியாம். உன் மூளை எனக்குத் தெரியாதா? பந்த நீயே வச்சுக்க தாயி. ஒரு பாயிண்ட் முன்னால இருக்கேன், என் பிள்ளைக கைய விரிச்சு நிப்பாளுவ, போட முடிஞ்சா போட்டுக்க." போய்விட்டாள். விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்து விதிப்படி நான் ஜெயித்த ஒரு ஆட்டம், அதற்கு இப்போது இந்தக் கூலி. என் வாயிலிருந்து வந்தால் உண்மைகூடத் திட்டமாகத்தான் தெரியும் இவர்களுக்கு. நான் என்ன செய்யட்டும், தலையில் அடித்துக்கொள்ளட்டுமா? சொல்லியாகிவிட்டது. சொல்லவேண்டிய எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. பெஞ்சில் வந்து விழுகிறேன். நெஞ்சு லேசாகத்தான் இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, எவ்வளவு மலிவாக லேசாகிவிட்டது.

விசில். இசக்கி பக்கக்கோட்டில் பந்தோடு நிற்கிறாள், என்னைப் பார்க்கிறாள். நான் மேசையில் நின்று கையை ஆட்டியது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. மேடம் நமக்காகச் சண்டை போட்டார்கள் என்று நினைத்திருப்பாள், அந்த நினைப்பு முகத்தில் பளபளக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யலாம். ஆனால் கை தானாக உயர்ந்து மடக்கின முஷ்டியைக் காட்டுகிறது, அது நாங்கள் இந்த வருடம் முழுக்கப் பழகி யார் முன்னாலும் காட்டாமல் வைத்திருந்த ஆட்டத்துக்குச் சைகை, ஷிபானா பந்துக்கு ஓடுவதுபோல ஓடிப் பாதியில் கல்லாக நிற்கவேண்டும், அவளை உரசிக்கொண்டு இசக்கி உள்ளே வரவேண்டும். இரண்டு கையால் கொடுக்கிறாள். ஓடுகிறாள். எல்லாரும் பந்தைப் பார்க்கிறார்கள், ஜெசிந்தாவின் பெண்கள்கூடப் பந்தைப் பார்க்கிறார்கள், நான் ஷிபானாவைப் பார்க்கிறேன், நின்றாள், அடடா, எப்படி நின்றாள், சுவர்போல, ஈரத்தில் ஒரு விரல்கூட வழுக்காமல். ஜெசிந்தா அலறுகிறாள், அவளுக்கும் தெரிந்துவிட்டது, அவளும் ஷிபானாவைத்தான் பார்த்தாள். பந்து திரும்பி இசக்கியின் கைக்கு வந்து, பலகையில் பட்டு, வலைக்குள் இறங்குகிற அந்தச் சத்தம், ஈர வலை என்பதால் பொத்தென்று. மேசையில் மணி அடிக்கிறார்கள். நான் கத்திக்கொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன், எப்போதிலிருந்து கத்துகிறேன், துண்டு எங்கே போயிற்று, தெரியவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் விழுந்து புரளுகிறார்கள். இசக்கி தாயைக் கூப்பிடுகிறாள், தாய் இங்கே இல்லை, யாரிடமோ செல்போன் வாங்கி "பேச்சிட்ட குடும்மா, பேச்சிட்ட குடு," என்று கத்துகிறாள். ஒலிபெருக்கிக்காரருக்கு உயிர் வந்து எங்கள் கல்லூரிப் பெயரைத் தப்பாகச் சொல்கிறார். இதைவிட அழகான ஆட்டம் என் பெண்கள் ஆடியதில்லை. அதை அடுத்தவர்கள் பந்தில் ஆடியிருக்கிறார்கள்.

ஜெசிந்தா அழவில்லை, கத்தவில்லை, தன் பெண்களிடமும் போகவில்லை. இந்தப் பக்கம் வருகிறாள். என்னிடம் இல்லை, தொட்டியோரம் மேசை முதலில் இருந்த இடத்துக்கு. அங்கே நிற்கிறாள். வலது கையைக் கோயில் பக்கம் நீட்டுகிறாள். நீட்டின கையோடு மைதானத்தின் குறுக்கே நடந்து, கொட்டகைக்குள் போய், மேசைக்குப் பின்னால் மெதுவாகத் திரும்பி நிற்கிறாள். கை ரோட்டைக் காட்டுகிறது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வேறு யாருடைய கையோ போல. அவளுடைய சின்னப் பெண்கள் கால்களைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். திரும்பி வருகிறாள், இந்தத் தடவை ட்ராக்பேண்டைத் தூக்கவில்லை, தண்ணீரில் நடந்தே வருகிறாள். "நெசமாத்தான் சொன்னியா?" என்கிறாள். ஆமா என்கிறேன். "எதுக்குட்டி சொன்ன?" விழுந்த துண்டைத் தேடி எடுத்துப் பிழிகிறேன். "நான் புரொடெஸ்ட் கொடுக்கப்போறேன்," என்கிறாள். "சும்மா கொடுத்தா கிழிச்சுப் போட்டுருவானுவ. நீயும் வந்து சொன்னா கமிட்டி கேக்கும். ரெண்டு கோச்சும் ஒண்ணு சொன்னா கேட்டுத்தான் ஆகணும், கப்பு எனக்கு வந்துரும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "வரலன்னா வேண்டாம். உன்னை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ ஒரு தடவை சொல்லிட்ட, நான்தான் கேக்கல." என்ன மரியாதை. இந்த மரியாதையை அப்போதே காட்டியிருந்தால் என்ன, காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பந்து இன்னும் யார் கையிலும் இல்லாதபோது, ஒரு சொல்லில் முடிந்திருக்கும். அப்போது என் பெண்கள் தோற்றிருப்பார்கள், அவ்வளவுதான், ஒரு பாயிண்டில் தோற்பது எல்லாருக்கும் நடப்பது. இப்போது ஜெயித்த பிள்ளைகளிடமிருந்து பிடுங்கவேண்டும். ஷிபானா நின்ற அந்த நிற்றலைப் பிடுங்கவேண்டும். இசக்கி இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து, போனை என் பக்கம் நீட்டி, வாயசைத்துக் காட்டுகிறாள், தங்கச்சி பேசணுமாம் மேடம். அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் அவளைப் பார்த்து, இரு, என்று விரல் காட்டுகிறேன். கொட்டகையில் மேசைப் பெண்கள் பொருட்களை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு ஜெசிந்தாவின் மேல் வருகிற கோபம் சொல்லிமாளாது. அவளைப் பிடித்துத் தொட்டிக்குள் தள்ளவேண்டும்போல இருக்கிறது. "பிளாஸ்க்கைத் தூக்கு," என்கிறேன். "வழுக்கப்போகுது, என் கையைப் பிடி." ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறோம். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் இன்னும் ஓயவில்லை, மேடம் எங்கே போகிறார்கள் என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. மேசை முன்னால் போய் நிற்கிறேன். "எத்தனை தடவைதான் சொல்றது உங்களுக்கு," என்கிறேன், "இப்பவாவது எழுதிக்கிடுங்க."